மூன்றாவது அடி

அவன் காலில் விழுந்தவர்கள் ஏராளம். கும்பிட்டு விழுந்தவர் ஒருவர்கூட இல்லை. பந்தோடு ஓடிவந்து, அவன் நீட்டிய காலில் இடறி, குப்புற விழுந்து மண்ணைக் கவ்வியவர்கள்தான் எல்லோரும். பாதிப் பேர் தாமாகவே எழுந்து நொண்டிக்கொண்டு போனார்கள். மீதிப் பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படித் தூக்கிக்கொண்டு போகும்போது மைதானத்தின் தெற்குப் படிகளிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பும்: "கசாப்பு! கசாப்பு!"

அது ஊர் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி அவனைக் கூப்பிடுகிறவள் அவன் மனைவி மட்டும்தான், அதுவும் கோபம் வந்தால்.

அப்பா நிஜமாகவே கசாப்புக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் போகுமுன் தோலுரித்த ஆட்டைத் தோளில் சுமந்துவந்து கொக்கியில் மாட்டுவது அவன் வேலை. நழுவவிட்டால் கத்தி தீட்டுகிற தோல்வார் முதுகில் இறங்கும். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்டா" என்று சொல்லிச் சொல்லி அடிப்பார். கூடப்பிறந்தவர் யாருமில்லாத பிள்ளைக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. ஆனால் அந்தக் கடையில் அவன் கைகள் ஒரு பாடம் படித்தன. எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்காது, நரம்பு எந்த இடத்தில் எலும்பின் மேலே ஓடுகிறது, விலா எங்கே முடிந்து வெறும் சதை எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது.

கோச் அவனை எடுத்ததே அதற்காகத்தான். முதல் நாளே சொல்லிவிட்டார்: "பந்தைப் பிடிக்கிறத மத்தவங்க பாத்துக்குவாங்க. நீ ஆளைப் பிடி."

பிடித்தான். கார்னரிலிருந்து பந்து உயர்ந்து வரும்போது எல்லோருடைய கண்ணும் வானத்தில் இருக்கும். அவன் முழங்கை எதிராளியின் விலாவில் இருக்கும். குதித்து இறங்குகையில் ஷூவின் ஆணிகள் எவனோ ஒருவனுடைய குதிகால் நரம்பின் மேல் இறங்கும். நடுவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவனே கை நீட்டி விழுந்தவனைத் தூக்கிவிடுவான். தூக்குகிற சாக்கில் கட்டை விரலை அக்குளில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவான். அவன் உடம்பும் சும்மா தப்பிவிடவில்லை. மூக்கு வளைந்தது, கடைவாயில் இரண்டு பல் போனது, தோள்பட்டை எலும்பில் தகடு ஏறியது. பட்ட காலிலேயே படும் என்பார்கள். அவனுக்குப் படாத இடம் என்று ஒன்று மிச்சமிருந்ததா என்பதுதான் சந்தேகம்.

அவனை மிகவும் கொண்டாடியவன் கொடிக்காரன். ரசிகர் மன்றத்தின் தலைவன். இரண்டு ஆள் உயரக் கம்பில் அணியின் கொடியைக் கட்டி, ஆட்டம் முடியும்வரை கை சளைக்காமல் வீசுவான். முன்கையில் அணியின் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தான். ஜெயித்த நாட்களில் கசாப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஆடியபடி போவான். "நீ ஒருத்தன் போதும்ணே, பதினோரு பேர் எதுக்கு?" என்பான்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், கோப்பை இவர்களுக்குத்தான். முடியப் போகிற நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு உள்ளே புகுந்தான். வழக்கமான காரியம்தான், இவன் கால் நீட்டினான், அவன் சுருண்டு விழுந்தான். நடுவர் விசில் ஊதிப் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். ஒல்லியான, வழுக்கை விழுந்த மனிதர். நீட்டிய விரல் அந்தப் புள்ளியை விட்டு நகரவில்லை. கோல் விழுந்தது. கோப்பை போயிற்று.

கடைசி விசில் ஊதியதும் தெற்குப் பக்கத்துக் கம்பி வேலி சரிந்தது. ஆட்கள் வெள்ளமாக உள்ளே இறங்கினார்கள். ஆட்டக்காரர்கள் உயிர் தப்பினால் போதுமென்று உடைமாற்றும் அறைக்கு ஓடினார்கள். இவனும் ஓடினான். சுரங்கவழியின் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நடுவர் விழுந்து கிடந்தார். சுற்றி நின்று உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைகளால் தலையை மூடிக்கொண்டால் வயிற்றில் உதைத்தார்கள்; வயிற்றை மூடிக்கொண்டால் தலையில். கொடிக்காரன் கொடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, கம்பின் முறிந்த முனையால் அவர் தொடையில் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

இவன் மைதானத்துக்குள் திரும்பி ஓடினான். ஏன் ஓடினாய் என்று பிற்பாடு மனைவி கேட்டாள். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அந்தாளு குடுத்த பெனால்டி சரிதான்" என்றான்.

நான்கைந்து பேரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனான். கொடிக்காரன் முகத்தில் நெற்றியால் மோதினான். அவன் தள்ளாடிவிட்டு, கம்பை மறுபடி ஓங்கினான். இவன் முழங்கையால் தாடையில் ஒன்று விட்டான். கொடிக்காரன் கம்பை நழுவவிட்டு மல்லாந்து விழுந்தான். முதல் அடி நடுவருக்காக. இரண்டாவதும் நடுவருக்காகத்தான். கொடிக்காரன் விழுந்துவிட்டான், கையில் கம்பு இல்லை, காரியம் முடிந்துவிட்டது. ஆனால் இவன் கால் நிற்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக விழுந்தவனைத் தாண்டிப் போகப் பழகாத கால் அது. ஆணி வைத்த ஷூ, கொடிக்காரனுடைய இடது கண்ணின் மேல் இறங்கியது.

ஏதோ பழம் நசுங்கியது போல ஒரு சத்தம். அந்தக் கூச்சலிலும் அது அவன் காதில் தெளிவாக விழுந்தது.

நடுவர் பிழைத்தார். கொடிக்காரன் கண் போயிற்று. ஊரெல்லாம் பார்த்த வீடியோவில் முதல் அடியும் இல்லை, இரண்டாவதும் இல்லை. விழுந்து கிடப்பவன் முகத்தில் ஒருவன் மிதிக்கிற அந்த மூன்றாவது மட்டும்தான் இருந்தது. ஆயுள் தடை விதித்தார்கள். வழக்கு வந்தது. மைதானத்தில் நடந்த கலவரத்தில் யாரை விட்டு யாரைப் பிடிப்பது என்று அது இழுத்து இழுத்து, கடைசியில் அபராதத்தோடு ஓய்ந்தது. கோச் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

மனைவி வீட்டு முன்னறையில் பெண்களுக்கான பார்லர் நடத்திவந்தாள். ஒருநாள் காலையில் ஒரு கூட்டம் வந்து கல் எறிந்தது. நாற்காலியில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் துண்டோடு மேசைக்கு அடியில் போய்ப் பதுங்கிவிட்டாள். சுவரிலிருந்த நிலைக்கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. மனைவி கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"யாருடா முதல்ல வர்றது? வா. தலையை வெட்டுறேனா முடியை வெட்டுறேனான்னு உள்ள வந்தாத்தான் தெரியும்."

ஒருவனும் வரவில்லை. ஆனால் கல் ஒன்று வந்து அவள் புருவத்தைக் கிழித்தது. இவன் உள்ளேயிருந்து ஓடிவருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. ரத்தம் வழிய அவள் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கினாள். "வீட்டுல ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லங்க" என்றாள். "நல்லதுதான். கொஞ்ச நாளைக்கு நாம ரெண்டு பேரும் நம்ம மூஞ்சியப் பாக்காம இருக்கலாம்."

அந்த வாரமே வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அங்கேதான் டைரக்டர் தேடிக்கொண்டு வந்தார். அவரும் அந்த வீடியோவைப் பார்த்தவர்தான். "நடிக்கவே வேணாம் சார். சும்மா வந்து நில்லுங்க. பாக்குறவனுக்கு வயித்தைக் கலக்கும்" என்றார். புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று இவனுக்கு விளங்கவில்லை. வேறு வேலையும் இல்லை. போனான்.

முதல் நாளே விபரீதம். கதாநாயகன் அறைய வேண்டும், இவன் வாங்கிக்கொண்டு சுழன்று விழ வேண்டும். ஒத்திகைக்குக் கதாநாயகனுக்குப் பதிலாக ஒரு சண்டைக்காரப் பையன் நின்றான். அவன் கை ஓங்கியதுதான் தாமதம், இவன் நெற்றி தானாக முன்னால் போயிற்று. பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்குகளில் ரத்தம் கொப்புளித்தது. அன்றிலிருந்து அவனுக்கு 'மூக்கன்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இனி இந்த ஆளோடு யாரும் நடிக்கமாட்டோம் என்று மற்ற சண்டைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

சண்டை மாஸ்டர் வந்தார். குள்ளமான மனிதர். மாடியிலிருந்தும் ஓடுகிற வண்டியிலிருந்தும் விழுந்தே வயதானவர். உடம்பில் எலும்பைவிட ஆணிதான் அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இவனை ஒரு மூலைக்கு அழைத்துப் போய் மெத்தை விரித்தார்.

"தம்பி, இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் விழுந்திருக்கியா?"

"தள்ளிவிட்டிருக்காங்க."

"அது இல்ல. நீயா, மனசு வச்சு, எப்பவாச்சும் விழுந்திருக்கியா?"

இல்லை. ஒருமுறைகூட இல்லை. விழக்கூடாது என்பதற்காகவே வளர்ந்த உடம்பு அது. முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வது, உள்ளங்கையால் தரையை அறைந்து வேகத்தைக் கரைப்பது, விழும்போது மூச்சை வெளியே விடுவது என்று மாஸ்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் அல்ல, மாதக்கணக்கில். முக்கியமான பாடம் கண் பாடம்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி எதிராளியோட கண்ணைப் பாரு. அவன் ஒருதடவை சிமிட்டுவான். தயார்னு அர்த்தம். சிமிட்டலையா, அடிக்காதே. நீ வாங்குறப்பவும் அப்படித்தான். ரெண்டு பேரும் சேந்து ஒரு பொய் சொல்றீங்க தம்பி. அதுல ஒருத்தன் நிஜம் பேசினா ரெண்டு பேரும் காலி."

இது இவனுக்குப் புது உலகம். மைதானத்தில் விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு ஒருவன் எலும்பை ஒருவன் முறித்தார்கள். இங்கே கொலை, வெட்டு, குத்து என்று சொல்லிக்கொண்டு ஒருவனுடைய விரல் நகம் பெயராமல் இன்னொருவன் பார்த்துக்கொண்டான். காட்சி முடிந்ததும், "வலிச்சுதாண்ணே?" என்று மூக்கன் ஓடிவந்து கேட்பான். அதுவரை யாரும் இவனிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

அப்புறம் சாவதே தொழிலாயிற்று. ரயிலில் அடிபட்டுச் செத்தான், கிணற்றில் தள்ளப்பட்டுச் செத்தான், காளையின் கொம்பில் தொங்கிச் செத்தான். தியேட்டரில் அவன் முகம் வந்தாலே ஜனங்கள் சபித்தார்கள். அடி விழ விழ விசில் அடித்தார்கள். மகள் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், "இதுல எப்படிப்பா சாவீங்க?" என்று கேட்பாள். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அழாமல் பார்க்கலாமாம். மனைவி மறுபடி பார்லர் திறந்திருந்தாள். அங்கு வருகிற பெண்கள் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல அடிப்பாரா?" என்று விசாரிப்பார்கள். "கைநீட்ட மாட்டாரு. ஆனா துவைச்ச துணியைக் காயப்போடச் சொன்னா செத்த மாதிரி படுத்துக்குவாரு. அதான் தொழிலாச்சே" என்பாள்.

அப்படி ஒரு சாவுக்காகத்தான் அன்றைக்குப் பழைய பேருந்துப் பட்டறைக்குப் போனான். உச்சிவெயில். தகரக் கூரை அடுப்பு மாதிரி காய்ந்தது. தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கதைப்படி அவனுடைய அடியாட்களே அவனுக்கு எதிராகத் திரும்பி, இரும்புக் கம்பிகளால் அடித்துக் கொல்ல வேண்டும். ரப்பர் கம்பிகள்தான். கூட்டத்துக்கு ஏஜென்ட் ஒருவர் வெளியாட்களைக் கூட்டிவந்திருந்தார். இவன் மேக்கப்பில் உட்கார்ந்திருந்தபோது டைரக்டர் அவர்களை வரிசைப்படுத்தினார். தாடி வைத்த ஒருவனுடைய ஒரு கண் அசையாமல் நிலைகுத்தி நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் குஷி வந்துவிட்டது.

"அந்தாளை முன்னாடி கொண்டாங்க. என்ன மூஞ்சிய்யா! காசு குடுத்தாலும் இப்படி மேக்கப் போட முடியாது."

இப்படியாகக் கொடிக்காரனை முன்வரிசையில் நிறுத்தியது டைரக்டரே.

கேமரா ஓடியது. மாஸ்டர் ஓரமாக நின்று கைதட்டித் தாளம் சொன்னார். முதலில் மூக்கன் வந்து முதுகில் அடித்தான். இவன் வளைந்தான். அடுத்தவன் காலில் அடித்தான். முட்டி போட்டான். மூன்றாவதாக வலப்பக்கமிருந்து ஒருவன் வர வேண்டும். ஆனால் இடப்பக்கமிருந்து ஆள் வந்தான்.

விலாவுக்குக் கீழே ஏதோ இடித்தது. பழகாத ஆள், கம்பியைத் தாறுமாறாக வீசிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அந்த இடம் வெதுவெதுப்பாயிற்று. குனிந்து பார்த்தான். சட்டைக்குள் கத்தி கைப்பிடிவரை போயிருந்தது. அது வெளியே வந்து மறுபடி உள்ளே போனது.

பழக்கதோஷம், நிமிர்ந்து கண்ணைப் பார்த்தான். ஒன்று சிமிட்டியது. மற்றது அப்படியே நின்றது.

"அடையாளம் தெரியுதாண்ணே?" என்றான் கொடிக்காரன். வாய் காதருகே இருந்தது. "தோள்ல தூக்கிட்டு ஆடினேனே."

மூன்றாவது குத்து கழுத்தைக் குறிவைத்து வந்தது. இவன் கையைக் குறுக்கே கொடுத்தான். கத்தி முன்கையில் பாய்ந்து எலும்பில் தட்டித் திரும்பியது. கூட்டத்தில் பின்னால் நின்றவர்கள் இதெல்லாம் நடிப்பு என்று கைதட்டினார்கள். எவனோ விசிலடித்தான். டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கட் பண்ணாத! கட் பண்ணாத! ஓடட்டும்!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு புரண்டார்கள். எண்ணெயில் முழங்கால் வழுக்கியது. கொடிக்காரன் இவன் காதைக் கடித்துப் பிய்த்தான். இவன் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கழற்றி வைத்திருந்த எஞ்சின் விளிம்பில் வைத்து, மடங்காத பக்கமாக மடக்கினான். விறகு முறிவது போல முறிந்தது. கத்தி தெறித்துப் போயிற்று. கொடிக்காரன் அலறினான். அலறலை முடிக்க இவன் விடவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து, தலைமுடியைப் பிடித்து, சிமென்ட் தரையில் ஒருமுறை மோதினான். இன்னொருமுறை மோதினான். பிறகு இரண்டு கட்டை விரல்களும் தொண்டைக் குழியைத் தேடிப் போயின. தேடவும் வேண்டியிருக்கவில்லை, அப்பாவின் கடையில் படித்த விரல்கள் அவை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

மோதிய வேகத்தில் அந்தச் செயற்கைக் கண் பிதுங்கி வெளியே வந்து, கன்னத்தில் உருண்டு, எண்ணெய்க் கறைக்குள் போய் நின்றது. அது இருந்த இடத்தில் சிவந்த குழி. இமை அதன் மேல் மூடப் பார்த்து, மூட முடியாமல் துடித்தது.

இவன் அதைப் பார்த்ததே இல்லை. செய்தவன் இவன்தான், ஆனால் என்ன செய்தான் என்று அன்றுவரை பார்த்ததில்லை. ஷூவின் அடியில் நடந்த காரியம் அது. விரல்கள் தளர்ந்தன.

தளர்ந்ததற்கு நன்றி சொல்லக் கொடிக்காரன் அங்கே வரவில்லை. இடது கை பக்கத்தில் துழாவியது. பட்டறைக்காரர்கள் மறந்து விட்டுப்போன பெரிய ஸ்பேனர் ஒன்று அகப்பட்டது. நிஜ இரும்பு. அதை வீசி இவன் முழங்கால் சில்லில் போட்டான். சில்லு உடைந்த சத்தம் கேட்டுத்தான் மாஸ்டர், "அய்யோ, நிஜம்டா! நிஜம்டா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். மூக்கன் அதற்கு முன்பே பாய்ந்து கொடிக்காரன் கையைக் கட்டிப்பிடித்திருந்தான். தரையில் பரவியிருந்த ரத்தம் மேக்கப் ரத்தத்தைவிடக் கறுப்பாக இருந்ததை அவன்தான் முதலில் கண்டிருக்கிறான். ஐந்தாறு சண்டைக்காரர்கள் சேர்ந்து கொடிக்காரனை அமுக்கினார்கள். அமுக்கியபின்னும் அடித்தார்கள். மண்டை, முதுகு, முறிந்த கை என்று பார்க்கவில்லை.

"போதும்... விடுங்கடா" என்றான் இவன். சொன்னானா, சொல்ல நினைத்தானா என்பது அவனுக்கே நிச்சயமில்லை.

ஆஸ்பத்திரியில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். முழங்காலில் கம்பி கட்டினார்கள். கண் விழித்தபோது மனைவி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவளின் முகம்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்தார். முந்தின நாளெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தபடி இவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

"ஷூட்டிங்ல தப்பு நடந்துபோச்சு சார். அந்தாளுக்குத் தெரியாது, நிஜக் கத்தின்னு."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அப்போ நிஜக் கத்தியை உள்ள வச்சது யாரு? ஆயுதமெல்லாம் யார் பொறுப்பு? சண்டை மாஸ்டர்தானே? சரி, அவரைத் தூக்கி உள்ள வைக்கிறேன். கையெழுத்துப் போடுங்க."

அந்தக் கணக்கு அவனுக்குத் தோன்றவே இல்லை. இன்ஸ்பெக்டர் தேநீர் குடித்துவிட்டு வருவதாக வெளியே போனார். மனைவி அவன் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கோபம் என்று தெரிந்துகொண்டான்.

"ஒருத்தன் கண்ணைப் பிடுங்கினதுக்கு இன்னொருத்தர் சோத்துல மண்ணைப் போடப் பாக்குறீங்களா? இதுக்குப் பேரு பரிகாரமா?"

"நான் மிதிக்கலைன்னா அவன் வந்திருக்க மாட்டான்டி."

"ஆமா. வந்திருக்க மாட்டான். அதையும் சொல்லுங்க. நடந்தது பூராவும் சொல்லுங்க. பாதியை முழுங்கிட்டுப் பாதியைத் துப்பாதீங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான்.

டைரக்டரும் ஒருநாள் பழங்களோடு வந்தார். பழத்தை வைத்த கையோடு விஷயத்துக்கு வந்தார். "போலீஸ் ஒரு காப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. நம்மகிட்ட ஒண்ணு இருக்கு. சார், சத்தியமா சொல்றேன், இது மாதிரி ஒரு ஷாட் எவனும் எடுத்ததில்ல. உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா..."

இவன் பதில் சொல்லுமுன் மாஸ்டர் சுவரோரத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"அதைப் படத்துல வச்சீங்கன்னா, அதுக்கப்புறம் ஒரு ஃபைட்டரும் உங்க படத்துல விழமாட்டான். நீங்களே நிஜமா அடிச்சு, நீங்களே நிஜமா விழுந்துக்கணும். யோசிச்சுக்குங்க."

டைரக்டர் யோசித்தார். அந்தக் காட்சியை மறுபடி எடுத்தார்கள், இவன் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிய பிறகு. அதே பட்டறை. இந்த முறை கம்பிகளோடு ஒரு கத்தியும் உண்டு, அதோடு வருகிறவன் மூக்கன். வளைத்தால் மடங்குகிற ரப்பர்க் கத்தி. எடுப்பதற்கு முன்னால் இவன் கையில் வாங்கி மடக்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். மறுபடி வாங்கிப் பார்த்தான். நெற்றியில் வியர்வை நிற்காமல் வழிந்தது. மேக்கப்காரர் ஒற்றி ஒற்றிச் சலித்துப்போனார்.

"அண்ணே, பயமா இருக்கா?" என்று காதோடு கேட்டான் மூக்கன்.

"இருக்குடா."

"எங்களுக்கெல்லாம் தினமும் இருக்கும்ணே. உங்களுக்குத்தான் இத்தனை நாளா இல்ல. அதான் எங்களுக்கு உங்களைப் பாத்தாப் பயம்."

கேமரா ஓடியது. மூக்கன் கத்தியோடு வந்தான். இவன் கண்ணைப் பார்த்தான். இரண்டும் சிமிட்டின. இருந்தும் வயிற்றுத் தையல்கள் எல்லாம் ஒருசேரச் சுண்டி இழுத்தன. வாய் திறந்து ஒரு சத்தம் வந்தது. வசனத்தில் இல்லாத சத்தம். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை விட்டு, உள்ளங்கையால் தரையை அறைந்து விழுந்தான். யாரும் கைதட்டவில்லை. மூக்கன் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். மாஸ்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வழக்கு நடந்தது. கொடிக்காரனின் வக்கீல் இவனைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்: "மைதானத்துல என் கட்சிக்காரரை எத்தனை தடவை அடிச்சீங்க?"

"மூணு."

"மூணாவது அடி அடிக்கும்போது அவர் எந்த நிலையில இருந்தார்?"

"விழுந்து கிடந்தார். கையில ஒண்ணும் இல்ல. அந்த அடி தேவையே இல்ல. நான் அடிச்சேன்."

கொடிக்காரன் ஒற்றைக் கண்ணால் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் குறைந்ததா கூடியதா என்று இவனால் சொல்ல முடியவில்லை. ஏழு வருஷம் தண்டனை விழுந்தது. இவன் சொன்ன பதிலால்தான் பத்து ஏழாகக் குறைந்தது என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

வராந்தாவில் விலங்கு மாட்டிக் கூட்டிப்போகும்போது கொடிக்காரன் நின்றான். முறிந்த மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. விலங்கு அதில் சரியாகப் பொருந்தவில்லை.

"ஏழு வருஷம்தான். வெளிய வந்ததும் திரும்பி வருவேன்" என்றான்.

"வா" என்றான் இவன். "இந்தத் தடவை வீடு மாத்தப் போறதில்ல."

கொடிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். போலீஸ்காரர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

வாசலில் மனைவி காரை நிறுத்தி வைத்திருந்தாள். முழங்கால் சரியாக மடங்காததால் இப்போதெல்லாம் அவள்தான் ஓட்டுகிறாள். காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

"என்ன சொன்னான்?"

"திரும்பி வருவானாம்."

அவள் கல் கிழித்த தழும்பு ஓடிய புருவத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.

"வரட்டும். ஏழு வருஷத்துல நமக்கும் வயசாயிரும், அவனுக்கும் வயசாயிரும். கிழவனும் கிழவனும் அடிச்சுக்குங்க, நான் நாற்காலி போட்டு உக்காந்து பாக்குறேன்."

அவன் சிரித்தான். சிரித்தால் விலாவில் இன்னும் வலித்தது. பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சந்திப்பில் அவள் இடதுபக்கம் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே போனாள். ஸ்டுடியோவில் மாஸ்டர் காத்துக்கொண்டிருப்பார். பிற்பகலில் அவனுக்கு ஒரு சாவு இருந்தது.